காந்தம் ஒட்டாத வண்டி: சிங்கப்பூரில் ஆறு நாள்

ஜூன் 5, 2025, வியாழன்

திருச்சியில் ஏறி சாங்கியில் இறங்கியதும் முதலில் முகத்தில் அடித்தது ஈரம். கரூர் வெயில் தோலைச் சுடும். இங்கே உள்ள வெயில் சட்டைக்குள் புகுந்து பிழிகிறது. அங் மோ கியோவில் அக்கா வீடு பதினோராவது மாடி. போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் வஞ்சிர மீன் குழம்பும் சோறும் தட்டில் விழுந்துவிட்டன. நாலு வருஷத்துக்கு அப்புறம் அக்கா கைச் சாப்பாடு.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். சீர் என்ன வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் போனில் கேட்டபோது, "நகை புடவையெல்லாம் அம்மா பாத்துக்கிட்டாங்க மாமா. மண்டபத்துக்குப் போறதுக்கு எனக்கு ரேஞ்ச் ரோவர் வேணும்" என்றாள். சின்ன வயதில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் பட்டறையில் பாதி கட்டிய பஸ் கூட்டுக்குள் ஏறி ஓட்டுநர் மாதிரி உட்கார்ந்துகொள்ளும் பெண். அவள் வண்டியைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தொழில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவது. இருபத்திரண்டு வருஷமாகத் தகடு, ரிவிட், பட்டி, பெயின்ட் என்றே பொழுது போகிறது. ஒரு வண்டியைப் பார்த்தால் முதலில் இணைப்புகளைத்தான் பார்ப்பேன். இந்தக் குறிப்புகளில் கோயில் குளத்தைவிட வண்டி அதிகமாக வந்தால் அதுதான் காரணம்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் தேக்கா. ஈரச் சந்தைக்குப் பக்கத்து உணவங்காடியில் இரண்டு பிராட்டா (நம் பரோட்டா), மீன் கறி, ஒரு தே தாரே (ஆற்றிய பால் தேநீர்). நாலு வெள்ளி எண்பது காசு. சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்கிறார்கள். ஊர்க் காசில் முந்நூறு ரூபாய்க்கு மேல். மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பதை அந்தத் தட்டோடு நிறுத்திவிட்டேன். நிறுத்தாவிட்டால் இந்த ஊரில் எதையும் ருசித்துச் சாப்பிட முடியாது.

மாலை மூன்று மணிக்கு வாடகை நிறுவனத்தில் வண்டி எடுத்தோம். வெள்ளிக்கிழமை மாலை முதல் திங்கள் காலை வரை 3,200 வெள்ளி, முன்பணம் தனியாக 5,000. தொகையைக் கேட்டு அக்கா வாயில் கை வைத்தாள். சீர் என்றால் சீர்தான் என்று சொல்லிவிட்டேன். ஓட்டப்போவது அக்கா மகன், எனக்கு மருமகன். விமான நிலையத்தில் வேலை, பதறாத கை.

வண்டி 2021 அக்டோபரில் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை. அடர் பச்சை. நிறுவனத்துப் பையன் திரையையும் பொத்தான்களையும் காட்டிக்கொண்டிருக்க, நான் வெளியே சுற்றிச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் மூன்றே கோடுகள். கூரை பின்னால் போகப்போகத் தாழ்கிறது. கண்ணாடிக்குக் கீழே இடுப்புக் கோடு நேராக ஓடுகிறது. கதவடிக் கோடு பின்னால் மேலேறுகிறது. இந்த மூன்றும் 1970இல் வந்த முதல் வண்டியிலேயே இருந்தவை. ஸ்பென் கிங் தலைமையிலான பொறியாளர்கள் கட்டிய உருவத்துக்கு டேவிட் பேச் மெருகு கொடுத்தார். ஐம்பது வருஷமாக அந்தக் கோடுகளைக் கலைக்காமல் வைத்திருப்பது பெரிய கட்டுப்பாடு. எங்கள் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பஸ் முகப்பை மாற்றச் சொல்கிறார்கள்.

எனக்கு மூச்சு நின்றது கண்ணாடியும் கதவுத் தகடும் சேருகிற இடத்தில். அந்த இணைப்பில் எல்லா வண்டியிலும் ஒரு ரப்பரோ குரோம் பட்டையோ ஓடும். சேர்கிற இடத்தில் வரும் தவறை மூடுவதற்குத்தான் பட்டை. எங்கள் பட்டறையிலும் அப்படித்தான், எங்கே தகடு சரியாகச் சேரவில்லையோ அங்கே பீடிங் ஏறும். இந்த வண்டியில் பட்டையைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே மறைத்துவிட்டார்கள். கண்ணாடி முடிகிற இடத்தில் நேராகப் பெயின்ட் தொடங்குகிறது. விரலால் தடவிப் பார்த்தேன், தட்டவில்லை. கூரை இணைப்பை லேசரில் பற்றவைத்திருப்பதால் அங்கேயும் வழக்கமான பள்ளப் பட்டை இல்லை. கதவுப் பிடிகள் தகட்டோடு தகடாகப் படுத்திருக்கின்றன, சாவியோடு பக்கத்தில் போனால் வெளியே வருகின்றன. பின்விளக்கு எரியும்வரை கறுப்புக் கோடு போலத்தான் தெரியும். இதை மறைப்பதற்கு எத்தனை பேர் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார்கள் என்பது தகடு அடித்தவனுக்குத் தெரியும்.

பெட்டி போன்ற உயரமான வண்டி, ஆனாலும் காற்றை எதிர்க்கும் அளவு 0.30தான். பின்பக்கம் படகின் வால் போலக் குறுகுவதில் அதற்கும் பங்கு உண்டு. பின்னாலிருந்து பார்த்தால் அந்தக் குறுகல் அழகாக இருக்கிறது.

திரும்பும்போது மழை. விரைவுச்சாலையில் வண்டிகள் நகரவில்லை. பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி, பின்தொட்டியில் தார்ப்பாய்க்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் பையன்கள். ஓரத்தில் இருந்தவன் தோளில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வண்டிக்குள் மழைச் சத்தமே இல்லை. சக்கரங்களுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கி வைத்து, வரும் இரைச்சலைத் தலைச்சாய்வில் உள்ள ஒலிபெருக்கிகள் எதிர் ஒலியலையால் அழிக்கும் ஏற்பாடு இதில் இருக்கிறது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன்.

"தம்பி, எந்த ஊரு?"

"மணப்பாறைண்ணே. நீங்க?"

"கரூர்."

தொட்டி முழுக்கச் சிரிப்பு. ஒருவன், "வண்டி சூப்பர்ண்ணே, எட்டு சிலிண்டரா?" என்றான். ஆமாம் என்றேன். "ஒரு தடவை மிதிக்கச் சொல்லுங்கண்ணே, சத்தம் கேப்போம்" என்றான். மருமகன் நியூட்ரலில் போட்டு லேசாக மிதித்தான். உறுமவில்லை, தொண்டையைச் செருமியது போல ஒரு கனத்த ஒலி. அவர்கள் கை தட்டினார்கள். போக்குவரத்து நகர்ந்துவிட்டது. என் முழங்கை நனைந்திருந்தது. அப்புறம் வீடு வரும்வரை கண்ணாடியை ஏற்றவில்லை, இருக்கையில் தண்ணீர் படும் என்று மருமகன் இரண்டு முறை சொல்லியும்.

இரவு இன்னொரு சோதனை. அக்காவின் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் பலமாடிக் கார்நிறுத்தம். இங்கே ஒரு கட்டத்தின் அளவு 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். வண்டி 5.05 மீட்டர் நீளம், பக்கக் கண்ணாடிகளை மடக்கினாலே 2.05 மீட்டர் அகலம். மூக்கு கட்டத்துக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும், கதவைத் திறந்து இறங்குவதற்குப் பக்கத்துக்கு ஒரு முழம்கூட இல்லை. மருமகன் திணறுவதைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த சீனப் பெரியவர் ஒருவர் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார், விரலை மடக்கி அழைத்தார், மறுபடி நிறுத்தினார். வண்டி நின்றதும் கூரையைத் தட்டிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

அந்த இடத்தில் வண்டியின் திறமையும் தெரிந்தது. மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் 7.3 பாகை வரை திரும்புகின்றன. வேகமாகப் போகும்போது அதே திசையில் திரும்பும். அதனால் இவ்வளவு பெரிய உடம்பு 11 மீட்டருக்குள் வட்டமடித்துவிடுகிறது. வெளியே நின்று பின்சக்கரம் திரும்புவதைப் பார்த்தேன். யானை பின்காலை மாற்றி வைப்பது போல இருந்தது.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. விடியற்காலை ஐந்து மணிக்குக் காற்றும் மழையும் சுழற்றி அடித்தன. அக்கா இதைச் சுமத்ராக் காற்று என்கிறாள், சுமத்ரா பக்கமிருந்து கடலைத் தாண்டி வருமாம். எட்டு மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல வெயில்.

கீழ்மாடி மலாய்க்காரப் பாட்டி ஒரு டப்பா நிறைய ரெண்டாங் இறைச்சிக் கறியும் லொந்தோங் அரிசிக் கட்டியும் கொடுத்தனுப்பினார். அக்கா அந்த டப்பாவை வெறுமனே திருப்பவில்லை, கல்யாண முறுக்கைப் போட்டுத்தான் கொடுத்தாள். முப்பது வருஷமாக இந்த டப்பா இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறதாம்.

கல்யாண வேலை மதியத்துக்கு மேல்தான். அதற்குள் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று மருமகனும் நானும் லிம் சூ காங் பக்கம் போனோம். தீவின் வடமேற்கு மூலை. பண்ணைகள், கல்லறைகள், நீளமான நேர்ச்சாலை. ஆகாயப்படை பயிற்சியின்போது அந்தச் சாலையையே ஓடுபாதையாக மாற்றிப் போர் விமானம் இறக்குவார்கள் என்றான். விளக்குக் கம்பங்களைக்கூடக் கழற்றிவிடுவார்களாம்.

எஞ்சின் 4.4 லிட்டர் வி8, இரண்டு டர்போ, பிஎம்டபிள்யூவிடமிருந்து வருவது. 530 குதிரைத்திறன், 750 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.6 வினாடியில் தொடும். இரண்டரை டன் எடை உள்ள வண்டிக்கு இது நம்ப முடியாத கணக்கு. ஆனால் சிங்கப்பூரில் விரைவுச்சாலையிலேயே உச்ச வேகம் 90தான். ஆகவே நாங்கள் கண்டது வேகத்தின் முதல் இரண்டு மூன்று வினாடிகளை மட்டும். விரைவுச்சாலையில் ஏறும் சரிவில், முன்னும் பின்னும் காலியாக இருந்தபோது, 40இலிருந்து 90 வரை மருமகன் ஒரே மிதியாக மிதித்தான். மூக்கு ஒரு விரற்கடை தூக்கியது. முதுகு இருக்கையில் ஒட்டியது. கியர் விழுந்ததே தெரியவில்லை, எட்டுக் கியர் தானியங்கிப் பெட்டி. சட்டென்று காலை எடுத்துவிட்டான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பஸ் சேசிஸில் வெறும் இருக்கையைக் கட்டி ஓசூரிலிருந்து கரூருக்கு ஓட்டி வந்த காலத்துக்கு அப்புறம் ஒரு எஞ்சின் என்னை இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது ஒரு பழுதான பண்ணைச் சாலை. காலை மழையில் பள்ளமெல்லாம் நிரம்பியிருந்தது. 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கக்கூடிய வண்டிக்குக் கணுக்கால் தண்ணீர் ஒன்றுமே இல்லை. ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் விஷயம். காற்றடைத்த சஸ்பென்ஷன் குழியை விழுங்கிவிட்டது. கோப்பையில் இருந்த கோப்பி ஆடியது, சிந்தவில்லை. இந்த வண்டியின் பலம் வேகமானியில் இல்லை, இந்தக் கோப்பையில்தான் இருக்கிறது என்று மருமகனிடம் சொன்னேன். அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. 530 குதிரையைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோமே என்ற ஏக்கம் அவனுக்கு. வயது அப்படி.

வழியெல்லாம் அவன் விலைக் கணக்குச் சொன்னான். இங்கே கார் வைத்துக்கொள்ள முதலில் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990இல் வந்த ஏற்பாடு, பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். பெரிய கார்களுக்கான பிரிவில் 2023 அக்டோபரில் அது 150,001 வெள்ளிக்குப் போனது. இது வெறும் அனுமதிக்கு. அப்புறம் காரின் அசல் மதிப்பில் 80,000 வெள்ளியைத் தாண்டிய பகுதிக்கு 320 விழுக்காடு பதிவுக் கட்டணம். அதாவது அந்தப் பகுதியில் ஒரு வெள்ளி மதிப்பைக் கூட்டினால் மூன்று வெள்ளி இருபது காசு கட்டணம் ஏறும். இவ்வளவு கொடுத்து வாங்கியவர் அதை 90க்கு மேல் ஓட்ட முடியாது, ஒரு கட்டத்துக்குள் முழுசாக நிறுத்தவும் முடியாது. அப்படியும் வாங்குகிறார்கள் என்றால் அந்த மூன்று கோடுகளுக்கும் அந்த அமைதிக்கும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதியம் சாங்கி கிராமத்தில் நாசி லெமாக். வரிசை நீளம், ஒரு தட்டு ஐந்து வெள்ளி. தேங்காய்ப்பால் சோறு நம் ஊர்த் தேங்காய்ச் சாதம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் வைத்த சம்பலின் இனிப்பும் காரமும் சேர்ந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டன.

ஜூன் 8, ஞாயிறு

அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தாயிற்று. நாலரைக்கு பஃபலோ ரோட்டிலிருந்து பூக்காரத் தம்பி வண்டியை அலங்கரிக்க வந்தார். பட்டுக்கோட்டைக்காரர். ரோஜாவும் சம்பங்கியும் வைத்துப் பெரிய வளையம், கதவுகளுக்குச் சின்னக் கொத்துகள். அழகான வேலை. எல்லாவற்றுக்கும் அடியில் காந்தம். வளையத்தைத் தூக்கி முன்மூடியில் வைத்தார். வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது.

"காந்தம் செத்துப்போச்சா?" என்று மருமகன் பதறினான்.

நான்தான் சொன்னேன், இது அலுமினியம் தம்பி, எத்தனை காந்தம் வைத்தாலும் ஒட்டாது. இந்தக் குடும்பத்து வண்டிகளுக்கு அலுமினியம் பழைய உறவு. போருக்கு அப்புறம் பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் 1948இல் முதல் லேண்ட் ரோவரையே அலுமினியத் தகட்டில் கட்டினார்கள். 1970இன் முதல் ரேஞ்ச் ரோவரிலும் மேல்தகடுகள் பெரும்பாலும் அலுமினியம், எஞ்சினும் அலுமினிய வி8. 2012 முதல் கூடும் பெரும்பாலும் அலுமினியம். அதைத் தட்டி நிமிர்த்துவது இரும்பைத் தட்டுவது போல வராது. இரும்பு வேலை செய்த அதே சுத்தியலை எடுத்தால் துகள் ஒட்டிப் பின்னால் அரிக்கும், கருவிகளே தனியாக வேண்டும். பூக்காரத் தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிண்ணே, இப்ப மாலையை எதுல ஒட்டுறது?" என்றார்.

டேப் ஒட்டினால் முன்பணம் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மணி ஐந்து. அக்கா குளியலறைக்குள் ஓடி, துண்டு மாட்டுகிற ரப்பர் உறிஞ்சிகள் ஆறைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். மேல்மாடி வீட்டில் கேட்டு இன்னும் நாலு. ஈரத் துணியால் முன்மூடியைத் துடைத்து, உறிஞ்சியை அழுத்தி, கொக்கியில் நூலைக் கட்டினோம். நின்றது. வழவழப்பான தகடு என்பதால் உறிஞ்சிகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன.

மணமகள் ஏற வேண்டும். வண்டி நின்றிருக்கும்போது 50 மில்லிமீட்டர் தாழ்கிறது. அப்படியும் பட்டுப்புடவைக்கு உயரம் அதிகம். முறைப்படி தாய்மாமன் கை பிடித்து ஏற்ற வேண்டும், அதுவும் சரியாகிப்போனது. சமையலறை முக்காலியைப் போட்டு, கொசுவத்தைக் கையில் அள்ளிக் கொடுத்து ஏற்றினேன். "மாமா, பஸ்ல ஏறுற மாதிரியே இருக்கு" என்றாள்.

சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கல்யாணம். கோவிந்தசாமிப் பிள்ளை பெயரில் உள்ள மண்டபம். ஞாயிறு விடியலில் சாலை காலி. மருமகன் அறுபதைத் தாண்டவே இல்லை. நான் முன்னிருக்கையில். பின்னால் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டதே என்று திரும்பினேன். மணமகள் தூங்கிவிட்டாள். இரண்டரை மணிக்கு எழுந்து அலங்காரத்துக்கு உட்கார்ந்த பிள்ளை. தலை சாய்ந்து, நெற்றிச்சுட்டி நகராமல், மடியில் வைத்த கை அசையாமல். வேகத்தடை ஒன்று வந்தது. ஏறி இறங்கினோம். ஜடையில் ஒரு பூ உதிரவில்லை. அக்கா பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண் கலங்கினாள். எழுப்பாதே என்று சைகை காட்டினேன். மருமகன் அதற்கு மேல் பிரேக்கைத் தொட்ட விதம் எனக்குத் தெரியும், முட்டைக் கூடையை வைத்திருப்பவன் தொடுவது போல.

3,200 வெள்ளி அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கே தகும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நாதஸ்வரம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள். பந்தியில் வத்தக்குழம்பு பிரமாதம், பாயசத்தில் சர்க்கரை தூக்கல்.

மாலையில் கார்நிறுத்தத்துச் சுழல்பாதையில் இறங்கும்போது பின்சக்கரம் விளிம்புக் கல்லில் உரசியது. சத்தம் கேட்டதுமே வயிறு குழைந்தது. 22 அங்குலச் சக்கரம், டயர் பக்கவாட்டு மெல்லியது, விளிம்புக்குப் பாதுகாப்பே இல்லை. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கோடு. மருமகன் முகம் செத்துவிட்டது. கல்யாண நாளில் எதுவும் சொல்லக் கூடாது என்று தோளைத் தட்டினேன்.

ஜூன் 9, திங்கள்

வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம். நிறுவனத்துக்காரர் குனிந்து பார்த்துவிட்டு 900 வெள்ளி என்றார். கடைசல் பிடித்த சக்கரத்தில் வெறுமனே பெயின்ட் அடிக்க முடியாது, மறுபடி கடைய வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் போகிற வழியிலேயே சின் மிங்கில் ஒரு பட்டறையில் காட்டிக் கேட்டிருந்தேன், 250 வெள்ளி என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினேன். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை உண்டு என்றார். ஒரு சக்கரத்தைக் கழற்றி மாற்றுச் சக்கரம் போட்டால் வண்டி எதற்கு நிற்கிறது என்று கேட்டேன். மேலாளரைக் கேட்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கடைசியில் 600 பிடித்தார்கள். நியாயமில்லாத தொகை. இப்படி எடுப்பவர்கள் யாராக இருந்தாலும், எடுக்கும்போதே நாலு சக்கரத்தையும் படம் பிடித்து, உரசினால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் நிரப்பிக் கொடுத்ததில் இன்னொரு 170 வெள்ளி. லிட்டர் மூன்று வெள்ளி அளவில் விற்கிறது, ஊருக்குள் ஓட்டினால் வி8 கை நிறையக் குடிக்கிறது.

வெளியே வந்து பார்த்தால் பயங்கரப் பசி. ஒரு கடையில் மீன் தலைக் கறி சொன்னோம். மருமகன் நல்லாவே சாப்பிடவில்லை. அந்த 600ஐத் தன் சம்பளத்தில் தருகிறேன் என்றான். வேண்டாம், அடுத்த தடவை கரூர் வரும்போது பட்டறையில் ஒரு வாரம் தகடு அடித்துக் கொடு என்றேன். அப்புறம்தான் மீன் கண்ணை எடுத்தான்.

ஜூன் 11, புதன், கரூர்

நேற்று இரவு வந்து சேர்ந்தேன். ராணிப்பேட்டை மாவட்டம் பணப்பாக்கத்தில் டாடாக்காரர்கள் கட்டும் தொழிற்சாலையைப் பற்றி ரயிலில் ஒருவர் பேசிக்கொண்டு வந்தார். 2024 செப்டம்பரில் அடிக்கல் போட்டார்கள். ரேஞ்ச் ரோவரைத் தயாரிக்கும் ஜாகுவார் லேண்ட் ரோவரை 2008இல் வாங்கியவர்கள். அங்கே இந்த மாதிரித் தகடு வேலை பழகும் பிள்ளைகளைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

காலையில் பட்டறைக்குப் போனேன். ஈரோட்டுக்காரர் பஸ் பெயின்டுக்குத் தயாராக நிற்கிறது. பக்கவாட்டில் ஜன்னலுக்குக் கீழே இரண்டு வரி அலுமினிய பீடிங் போட மேஸ்திரி குறி போட்டு வைத்திருந்தார். ஜன்னல் சட்டமும் தகடும் சேரும் இடத்தில் விரலை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரை தடவிக்கொண்டே போனேன். ஐந்தாவது ஜன்னலிலும் எட்டாவது ஜன்னலிலும் தட்டியது.

"என்னங்க பாக்கறீங்க? அதுமேலதான் பீடிங் வருதே" என்றார் மேஸ்திரி.

அந்த இரண்டு தகட்டையும் கழற்றச் சொன்னேன்.